கடலுக்கு இந்தப் பக்கம் தறி, அந்தப் பக்கம் கரும்பு

மணிலாவுக்கு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் முடிஞ்சுது. ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு அண்ணன் இலோயிலோக்காரர், எதிர் சீட்டுல இருக்கிற பொண்ணு பகோலோட். நடுவுல ஒரு மணி நேரப் படகுப் பயணம்தான், ரெண்டு ஊருலயும் பேசுறது ஒரே ஹிலிகைனோன் பாஷை, அதை இழுத்து இழுத்து பாட்டு மாதிரி பேசுவாங்க, அவங்க கோவப்பட்டு திட்டுனாக்கூட கொஞ்சுற மாதிரிதான் காதுல விழும்னு மத்த பிலிப்பினோக்காரங்களே சொல்வாங்க. ஆனா சாப்பாட்டுப் பேச்சு எடுத்தா மட்டும் இவங்க ரெண்டு பேருக்கும் ஒத்தே வராது. 2023ல யுனெஸ்கோ எங்க ஊரைத்தான் உணவு நகரம்னு லிஸ்ட்ல சேத்துச்சு, பிலிப்பைன்ஸ்லயே மொதல்ல எங்களுக்குத்தான்னு அவர் ஆரம்பிப்பாரு. சிக்கன் இனாசல்னு சொன்னா ஒலகத்துக்கே பகோலோட்தான் ஞாபகம் வரும்னு அந்தப் பொண்ணு திருப்பிக் குடுக்கும். கடைசியில ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பி, நீ வெளி ஆளு, நீயே போய் சாப்பிட்டுப் பாத்துட்டு வந்து தீர்ப்பு சொல்லுன்னு விட்டுட்டாங்க.

பிப்ரவரியில அஞ்சு நாள் லீவு கெடைச்சுது, போய்ட்டு வந்தேன். வந்து மூணு வாரம் ஆச்சு, தினமும் கேக்குறாங்க, எது பெஸ்ட்டுன்னு. என்னால பதில் சொல்ல முடியல. ரெண்டும் நல்லா இருந்துச்சுன்னு மழுப்புறதுக்கு இல்ல, அந்தக் கேள்வியே எனக்கு உறுத்த ஆரம்பிச்சிடுச்சு. அதான் எழுதிப் பாக்குறேன்.

லா பாஸ் மார்க்கெட்

இலோயிலோல எறங்குன அன்னைக்குக் காலையிலயே லா பாஸ் மார்க்கெட்டுக்குப் போய்ட்டேன். பாட்சோய்ன்ற நூடுல்ஸ் சூப்பு பொறந்த எடம் அது, 1930கள்ல இந்த மார்க்கெட்ல ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க, யாரு மொதல்ல போட்டாங்கன்றதுல கடைக்குக் கடை ஒரு கதை இருக்கு. பெரிய அண்டாவுல எலும்பு கொதிச்சுக்கிட்டே இருக்கு, கடைக்காரர் கிண்ணத்துல மஞ்சள் நூடுல்ஸைப் போட்டு, மெல்லிசா வெட்டுன பன்னிக்கறி, ஈரல், கொடல் எல்லாம் அடுக்கி, மேல கொதிக்கக் கொதிக்க சூப்பை ஊத்தி, பொரிச்ச தோலை நொறுக்கித் தூவி, வறுத்த பூண்டு போட்டு, கேட்டா ஒரு பச்சை முட்டையும் ஒடைச்சு விடுறாரு, சூட்டுலயே முட்டை வெளுத்து வருது. ஊருல இருந்தவரைக்கும் பன்னிக்கறி சாப்பிட்டதில்ல, மணிலா வந்துதான் பழகுனேன், அதனால ஈரலைக் கண்டு ஒரு நிமிஷம் யோசிச்சேன். மொத வாய் சூப்பு எறங்குனதும் யோசனை போய்டுச்சு. சூப்பு தீர்ந்தா கிண்ணத்தை நீட்டுனாப் போதும், இன்னொரு கரண்டி சும்மாவே ஊத்துறாங்க. நம்ம ஊரு பரோட்டாக் கடையில சால்னா ஊத்துற கை மாதிரி, கணக்குப் பாக்காத கை.

சாப்பிட்டு காய்கறிப் பக்கம் நடந்தேன். அங்க ஒரு வயசான அம்மா தரையில சாக்கு விரிச்சு உக்காந்து எதையோ உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நகத்துல, விரல் நுனியில எல்லாம் கருநீலமா கறை. குனிஞ்சு பாத்தா பச்சைத் துவரங்கா! உள்ள பருப்பு மட்டும் கருப்பு. எனக்கு அப்படியே எங்க வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துருச்சு, பொங்கல் சமயத்துல அம்மா மொறத்துல வச்சு இதைத்தான் உரிப்பாங்க, பாதிக்கு மேல நான் பச்சையாவே தின்னுடுவேன். பேரு என்னன்னு கேட்டேன், காட்யோஸ்னாங்க. ஒண்ணை எடுத்து வாயில போட்டேன், அவங்க சிரிச்சாங்க, பச்சையா சாப்பிடுற ஆளை இப்பதான் பாக்குறாங்க போல.

மத்தியானம் அதே மார்க்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில கே பி எல் வாங்கிச் சாப்பிட்டேன். காட்யோஸ், பாபோய், லங்கா, அதாவது துவரை, பன்னி, பலாக்காய். கொழம்பு கருஞ்சாம்பல் கலர்ல இருக்கும், பாக்க அழகில்ல, ஆனா புளிப்பு வேற மாதிரி அடியில இருந்து வருது. புளி இல்ல, தக்காளி இல்ல. கேட்டா பட்வான்னு ஒரு பச்சைக் காயைக் காட்டுனாங்க, இந்தப் பகுதியோட காய் அது, நாம மீன் கொழம்புக்குப் போடுற குடம்புளியோட சொந்தக்காரன். துவரையும் பலாவும் குடம்புளி வகையும் ஒரே சட்டியில, அதுவும் பசிபிக் பெருங்கடல் ஓரத்துல. முருங்கைக் கீரையை இவங்க மலுங்கைன்னு சொல்றப்பவே எனக்கு சந்தேகம் இருந்துச்சு, மாங்காயை மங்கான்னு சொல்றது நம்ம மாங்காய்ல இருந்து மலாய் வழியா வந்த பேருதான்னு படிச்சிருக்கேன். யாரு எதை எந்தக் கப்பல்ல ஏத்திட்டு வந்தாங்களோ, ருசி மட்டும் வழி மறக்காம வந்து சேந்திருக்கு.

இலோயிலோலயே மோலோன்ற பகுதியில இருக்கிற சர்ச்சுக்கும் போனேன், உள்ள ரெண்டு பக்கமும் பதினாறு பெண் புனிதர்கள் வரிசையா நிக்குறாங்க, ஆம்பளை சிலைகளே கண்ணுல படாத அந்த நடைபாதையில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். ஹாரோன்ற இன்னொரு பகுதியில கதீட்ரல் ஒரு பக்கம் இருக்கு, மணிக்கூண்டு ரோட்டுக்கு அந்தாண்ட தனியா நிக்குது. சாயங்காலம் ஆத்தங்கரை நடைபாதையில ஊரே நடக்குது. இதெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு, நான் வேற சொல்ல வேண்டியதில்ல.

இண்டாக்-ஆன்

ரெண்டாவது நாள் மியாகாவ் போனேன். மோஹான் டெர்மினல்ல ஜீப்னி, நம்ம ஊரு ஷேர் ஆட்டோ மாதிரி ஓடுற நீளமான ஜீப், அதுல ஏறி, ஒத்தோன், திக்பாவான், கிம்பால்னு கடலோரமாவே நாப்பது கிலோமீட்டர். நான் ஏறுன ஜீப்னியில கண்டக்டர் கெடையாது, பாயாட் பாலீஹோக், அதாவது காசைக் கொஞ்சம் குடுங்கன்னு சொல்லி காசை முன்னால இருக்கிறவங்க கையில குடுக்கணும், அது கை மாறி கை மாறி டிரைவர்கிட்ட போய், சில்லறை அதே வழியா ஒரு பைசா குறையாம திரும்பி வரும். எறங்கணும்னா லுகார் லாங்னு கத்தணும், மணிலாவுல சொல்ற மாதிரி பாரான்னு சொன்னா வெளியூர்னு தெரிஞ்சிடும். மியாகாவ் சர்ச் 1797ல கட்டி முடிச்சது, 1993ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. முகப்புல நடுவுல ஒரு தென்னை மரம், பப்பாளி மரம், குழந்தை யேசுவைத் தோளுல தூக்கிட்டுப் போற புனித கிறிஸ்டோபர், அவரு அந்த ஊரு குடியானவர் மாதிரியே இருக்காரு. மஞ்சள் கல்லு, காலை வெயில் பட்டா தேன் மாதிரி ஜொலிக்குது. அரை மணி நேரம் பாத்துட்டு எல்லாரும் திரும்பிடுவாங்க. நான் திரும்பாததுக்குக் காரணம் ஒரு சத்தம்.

சொல்லணும்னா, நான் சென்னிமலைக்காரன். கொடி காத்த குமரன் பொறந்த ஊரு, போர்வைக்குப் பேர் போன ஊரு. எங்க அப்பாரு குழித்தறியில நெஞ்சவரு, நான் ஸ்கூல் விட்டு வந்து தார், அதாவது தறி நாடாவுக்குள்ள வைக்கிற நூல் குச்சி, அதைச் சுத்திக் குடுத்தவன். எங்க வீட்டுத் தறி நின்னு இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா அந்தத் தட தட சத்தம் எங்க கேட்டாலும் என் காலு தானா நிக்கும். மியாகாவ் பக்கத்துல இண்டாக்-ஆன்னு ஒரு கிராமம், ஹாப்லோன்ற கைத்தறித் துணி நெய்யுறாங்கன்னு கேள்விப்பட்டு ஒரு ட்ரைசைக்கிள் புடிச்சுப் போனேன், வண்டி நிக்குறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துருச்சு.

நீளமான கொட்டகை, மரத்தறிகள் வரிசையா. நம்ம மாதிரி குழி கெடையாது, மேல பெஞ்சுல உக்காந்து மிதிக்குறாங்க. ஓரத்துல இருந்த தறியில அறுவது வயசுக்கு மேல இருக்கிற ஒரு அம்மா, அந்தப் பக்கம் மூத்த பொம்பளைங்களை மனாங்னு கூப்பிடணும், சுருக்கி நாங். நாங், பாக்கலாமான்னு கேட்டேன், வா தோன்னு பெஞ்சுல எடம் விட்டாங்க, சின்னப் பசங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க. பாவுல சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கட்டம் கட்டமா ஓடுது. நாடாவை வலது கையால தள்ளி இடது கையால வாங்கி, பலகையை ரெண்டு தட்டு, மறுபடி மிதி. ஒரு எழை அறுந்துச்சு. அவங்க நிறுத்தி, அறுந்த நுனியை நாக்குல தொட்டு ஈரம் பண்ணி, அச்சுப் பல்லுக்குள்ள விட்டு எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ஒரு முறுக்கு முறுக்கி விட்டாங்க. முடிச்சுப் போடல. எங்க அப்பாரு அப்படித்தான் பண்ணுவாரு, அச்சு அசலா அப்படித்தான், நாக்குல தொடுறது வரைக்கும். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. நான் ஒண்ணும் சொல்லாம கீழ கெடந்த தார்க்குச்சியை எடுத்து சுத்த ஆரம்பிச்சேன், அவங்க பாத்துட்டு எதுவும் கேக்காம நாடாவைத் தள்ள ஆரம்பிச்சாங்க.

நெஞ்சுக்கிட்டு இருந்தது பட்டாட்யோங். பொம்பளைங்க இடுப்புல சுத்திக்கிற துணி, ரெண்டு ஓரத்தையும் மூட்டி தைச்சது, நம்ம மூட்டுன கைலி மாதிரியேதான், கட்டம் உட்பட. கொஞ்ச நேரம் கழிச்சு பேச்சு வந்துச்சு. வீட்டுல வேற யாரு நெய்யுறாங்கன்னு கேட்டேன். அம்மா நெஞ்சாங்க, பாட்டி நெஞ்சாங்கன்னாங்க. ஆம்பளைங்க? அவங்க நாடாவை வச்சுட்டு கையைக் கடல் பக்கம் நீட்டி, நெக்ரோஸ்னாங்க, பகோலோட் இருக்கிற தீவு அது. அப்பாவும் பெரியண்ணனும் கரும்பு வெட்ட நெக்ரோஸ் போனவங்க. வருஷா வருஷம் படகு ஏறிப் போய், வெட்டு முடிஞ்சதும் திரும்பி வருவாங்க. அப்படிப் போறவங்களுக்கு சகாடான்னு பேரு. அண்ணன் அங்கயே தங்கிட்டாரு. பகோலோட் போறியா, இனிப்பு வாங்கு, நல்லா இருக்கும்னு அவங்களே சொன்னாங்க, மறுபடி மிதிச்சாங்க.

அந்தக் கை நீட்டுனதுல இருந்துதான் எனக்கு இந்த ரெண்டு ஊருக் கணக்கு கலைஞ்சு போச்சு. ராத்திரி ரூம்ல உக்காந்து, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மேலோட்டமா பொரட்டுனதை எல்லாம் மறுபடி ஒழுங்காப் படிச்சேன். பத்தொம்பதாம் நூற்றாண்டு நடுவுல இலோயிலோதான் இந்த நாட்டோட பெரிய நெசவு ஊரு, பருத்தி, அன்னாசி நாரு, அபாக்கான்ற வாழை இன நாரு எல்லாத்துலயும் நெஞ்சு மணிலாவுக்கு அனுப்பியிருக்காங்க. 1855ல இலோயிலோ துறைமுகத்தை வெளிநாட்டுக் கப்பலுக்குத் தெறந்து விட்டாங்க, அடுத்த வருஷமே பிரிட்டிஷ் வைஸ் கான்சலா நிக்கோலஸ் லோனின்னு ஒருத்தர் வந்து எறங்குறாரு. அவரு வேலையே இங்கிலாந்து மில் துணியை இங்க விக்குறது. தறித்துணி விலைக்கு மில் துணி பாதிதான்னா யாரு தறித்துணி வாங்குவாங்க. சரி, துணி எறக்குன கப்பல் வெறும் கப்பலா திரும்பிப் போகக் கூடாதே, அதுக்கு சரக்கு வேணும், அந்த சரக்குதான் சக்கரை. கரும்பு ஆட்டுற மெஷினைக் கடனுக்குக் குடுத்து, லாபம் வந்ததும் கட்டுன்னாரு. மோலோவுலயும் ஹாரோவுலயும் துணி யாபாரத்துல இருந்த பணக்காரக் குடும்பங்க பணத்தை எடுத்துக்கிட்டு கடல் தாண்டி நெக்ரோஸ்ல காட்டை வாங்கிப் போட்டுச்சு. நெசவு படுத்துச்சு, கரும்பு எழுந்துச்சு. லோனி தலையில மட்டும் பழியைப் போட எனக்கு மனசு வரல, மொதலைத் தூக்கிட்டுப் போனது உள்ளூர் மொதலாளிங்கதான், தறிகிட்ட இருந்த பொம்பளைங்களை யாரும் கேக்கல. இன்னைக்கும் இலோயிலோ ஆத்தங்கரைத் துறைக்கு லோனி பேருதான்.

மான்செஸ்டர் துணி நம்ம ஊருத் தறியை என்ன பண்ணுச்சுன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவன் நான். அதே கப்பல் இங்கயும் வந்திருக்குன்றது எனக்கு இந்த வயசுலதான் தெரியுது.

பகோலோட்

மூணாவது நாள் ஃபாஸ்ட்கிராஃப்ட்னு சொல்ற வேகப் படகு ஏறுனேன். ஜன்னல்ல கிமாராஸ் தீவு கூடவே வருது, மாம்பழத்துக்குப் பேர் போன தீவு, வெளி மாம்பழத்தை உள்ளயே விட மாட்டாங்க, பூச்சி வந்துடக் கூடாதுன்னு. ஒரு மணி நேரத்துல பகோலோட். இந்த வழியாத்தானே அந்த நாங்கோட அப்பா போயிருப்பாரு, எவ்ளோ நேரம் ஆகியிருக்கும், என்ன கொண்டு போயிருப்பாருன்னே யோசிச்சுக்கிட்டு வந்தேன்.

இனாசல் பத்தி அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் உண்மை. எலுமிச்சம்புல், கலமான்சி, வினிகர், இஞ்சி, பூண்டுல ஊற வச்ச கோழியை மூங்கில் குச்சியில குத்தி கரியில வாட்டுறாங்க, அத்சுவேத்தே விதை போட்டு காய்ச்சுன செவந்த எண்ணெயை நிமிஷத்துக்கு ஒரு தடவை தடவிக்கிட்டே இருக்காங்க, சொட்டு கரியில விழுந்து பொக புடிக்குது, அந்தப் பொகதான் பாதி ருசி. பேச்சோன்னா நெஞ்சு, பாஆன்னா காலு, ஈஸோல்னா வால் பக்கம், அதை மட்டும் குச்சியில வரிசையா குத்தி விக்குறாங்க. சூடான சோத்துல அந்த சிவப்பு எண்ணெயை ஊத்தி, மொளகாயும் பூண்டும் ஊறுன சினாமாக் வினிகர்ல தொட்டு, கையாலதான் சாப்பிடணும். பக்கத்து டேபிள்ல கொழந்தைங்க, தாத்தா பாட்டி எல்லாரும் கையில பெசஞ்சு சாப்பிடுறதைப் பாத்தப்ப ரெண்டு வருஷத்துல மொத தடவையா வெளிய சாப்பிடுறோம்ன்ற நெனப்பே வரல.

அப்புறம் பியாயா. அந்தக் கடையில சுடச்சுட போட்டுக் குடுத்தாங்க. மாவை உருட்டி, குழி பண்ணி உள்ள மஸ்கொவாடோ சக்கரையை வச்சு மூடி, எள்ளு தூவி, கட்டையால தட்டையா தேச்சு தோசைக்கல்லுல போடுறாங்க. நம்ம போளி செய்யுற அதே கை. மஸ்கொவாடோன்னா வேற ஒண்ணும் இல்ல, நாட்டுச்சக்கரை. கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக் கொட்டகையில பாகு காயுற வாசனை தெரிஞ்சவங்களுக்கு விளக்கமே வேணாம், ஒடைச்ச ஒடனே மூக்குல ஏறுது. உள்ள சக்கரை எளகி நூலா இழுத்துச்சு. நான் ஒண்ணைத் தின்னுட்டு அடுத்ததைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். ருசியில ஒரு கொறையும் இல்ல. நாங் கை நீட்டுனதுதான் கண்ணுல நின்னுச்சு.

அடுத்த நாள் பகோலோட்டுக்குப் பக்கத்து ஊரான தலிசாய்ல தி ரூயின்ஸ். மரியானோ லாக்சன்ற சக்கரைப் பண்ணை மொதலாளி, எறந்து போன தன் மனைவி மரியா பிராகா ஞாபகமா கட்டுன மாளிகை, ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரங்க கையில போய்டக் கூடாதுன்னு கெரில்லாப் படையே தீ வச்சது. மர வேலைப்பாடு எல்லாம் எரிஞ்சு எலும்புக்கூடு மட்டும் நிக்குது, சாயங்கால வெளிச்சத்துல அது தங்கம் மாதிரி ஆகுறப்ப எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க, நானும் எடுத்தேன், அழகுதான். வெளிய வந்தா ரோட்டுல கரும்பு லாரி வரிசையா, அரவை சீசன். கரும்புக்கட்டு மேல ரெண்டு பேரு மூஞ்சியைத் துணியால சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நட்டதுக்கும் வெட்டுக்கும் நடுவுல வேலை இல்லாம கெடக்குற மாசங்களுக்கு இங்க தியெம்போ மூர்த்தோன்னு பேரு, செத்த காலம். 1980கள்ல சக்கரை வெல விழுந்தப்ப இந்தத் தீவுல கொழந்தைங்க பட்டினியில செத்திருக்காங்க. பகோலோட்டோட சிரிச்ச முகமூடித் திருவிழா, மாஸ்காரா, 1980ல ஆரம்பிச்சதே சக்கரை படுத்து, அதே வருஷம் டோன் ஹுவான் கப்பல் முழுகி ஊரே அழுதுக்கிட்டு இருந்த நேரத்துலதான். சிலாய்ல பழைய வீடுகளையும் பாத்தேன், பலாய் நெக்ரென்ஸ் 1890கள்ல கட்டுனது, பளபளன்னு மரத்தரை. அழகா வச்சிருக்காங்க. தரையைத் துடைக்கிறவங்க, கரும்பு வெட்டுனவங்க எங்க படுத்தாங்கன்னு சொல்றதுக்கு மட்டும் ஒரு ரூமும் இல்ல.

பசலுபோங்

ஊருக்குப் போய்ட்டு வந்தா வாங்கிட்டு வர்ற பண்டத்துக்கு இங்க பசலுபோங்னு பேரு, வெறுங்கையோட ஆபீஸ் வந்தா ஒரு வாரம் மொகம் குடுத்துப் பேச மாட்டாங்க. நான் இலோயிலோல பிஸ்கோச்சோ, பகோலோட்ல பியாயா, நப்போலியோனெஸ் எல்லாம் அட்டைப்பெட்டியில கட்டிக்கிட்டு வந்தேன். டேபிள்ல பிரிச்சு வச்சதும் ரெண்டு பேரும் கை வச்சாங்க, இலோயிலோ அண்ணன் மொதல்ல எடுத்தது பியாயா. அந்தப் பொண்ணு பிஸ்கோச்சோ எடுத்துச்சு. நான் மியாகாவ் கதையைச் சொன்னேன். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, எங்க தாத்தா ஆன்டிக்கேல இருந்து கரும்பு வெட்ட வந்தவருன்னுச்சு. ஆன்டிக்கே பனாய் தீவுல, இலோயிலோவுக்குப் பக்கத்து மாகாணம். ரெண்டு வருஷமா எதிர் சீட்டுல இருக்கு, இதை நான் இப்பதான் கேக்குறேன். இலோயிலோ அண்ணனும் இப்பதான் கேட்டாரு.

பட்டாட்யோங் ஒண்ணு வாங்கியிருந்தேன். பேரம் பேசல, அவங்க சொன்ன வெலை. ஞாயித்துக்கெழமை வீடியோ கால்ல அம்மாகிட்ட விரிச்சுக் காட்டுனேன். கிட்ட கொண்டு வா, இன்னும் கிட்டன்னாங்க, போன் கேமரா மேலயே துணியை வச்சேன். கரையைத் திருப்பச் சொன்னாங்க. ஓரம் சுருங்காம ஒரே சீரா இருக்கு, நல்ல கை, வயசான கைன்னாங்க. ஒரு நாளைக்கு எத்தனை கெஜம் நெய்யுறாங்க, கூலி கட்டுதாமான்னு கேட்டாங்க. நான் அதைக் கேக்கவே இல்லன்னு அப்பதான் ஒறைச்சுது, தார் சுத்துனேன், கதை கேட்டேன், கூலியைக் கேக்கல. அடுத்த தடவை போறப்ப கேட்டுட்டு வா, எனக்கு ஊதாக் கட்டத்துல ஒண்ணு, அந்தம்மாகிட்டயே வாங்குன்னு சொல்லிட்டு, அடுப்புல பாலு இருக்குன்னு வச்சுட்டாங்க.